பிரிக்கும் முன் ஒரு பார்வை: கணினிக் கேள்வி-பதில்

இம்முறை வந்த கடிதங்களில் பெரும்பாலானவை கட்டளைகளைத் தட்டி இயக்கும் டெர்மினலில் பொதிக் கோப்புகளைப் பிரிப்பது பற்றியும், பொதியாகவே வரும் செயலிகளை இயக்குவது பற்றியும் இருந்தன. ஆகவே இந்தப் பக்கங்களை அதற்கென்றே ஒதுக்கிவிட்டோம். கட்டளைகளை ஒலிக்கிறபடி தமிழில் அச்சிட்டிருக்கிறோம். தட்டும்போது ஆங்கிலச் சிற்றெழுத்தில் தட்ட வேண்டும். பேரெழுத்து வேண்டிய இடத்தில் அதைத் தனியே சொல்லியிருக்கிறோம். எந்த ஆங்கில எழுத்து என்ற ஐயம் எழக்கூடிய இடத்தில் அதை அடைப்புக்குள் தந்திருக்கிறோம்.

கேள்வி: ஐயா, நான் பொறியியல் முதலாண்டு படிக்கிறேன். லினக்ஸில் மென்பொருள்களைத் தரவிறக்கினால் டார்.ஜிஇசட், டார்.பிஇசட்2, டார்.எக்ஸ்இசட், டார்.இசட்எஸ்டி என்று வால் மட்டும் மாறி மாறி வருகிறது. ஒவ்வொரு வாலுக்கும் இணையத்தில் ஒவ்வோர் எழுத்துக் கூட்டத்தைச் சொல்கிறார்கள். எதைத்தான் மனப்பாடம் செய்வது? — ஒரு மாணவி

பதில்: மனப்பாடம் செய்ய வேண்டியவை இரண்டே எழுத்துகள்: எக்ஸ், எஃப். டார் என்று தட்டி, இடைவெளி விட்டு, எக்ஸ்எஃப் என்று சேர்த்துத் தட்டி, மீண்டும் இடைவெளி விட்டுக் கோப்பின் பெயரைக் கொடுத்தால், நீங்கள் எழுதியிருக்கும் நான்கு வகையும் பிரிந்துவிடும். எக்ஸ் என்றால் ‘பிரி’ என்று பொருள். எஃப் என்றால் ‘அடுத்து வரும் பெயரே கோப்பு’ என்று பொருள். அதனால்தான் எஃப் எப்போதும் கடைசியில், பெயருக்கு முன்னால் நிற்க வேண்டும்.

கோப்பைத் திறக்கும் கட்டளைக்கு ‘இதுதான் கோப்பு’ என்று தனியே ஏன் சொல்ல வேண்டும் என்று தோன்றலாம். பெல் ஆய்வகத்திலிருந்து 1979-இல் வெளிவந்த யூனிக்ஸ் ஏழாம் பதிப்பில் டார் அறிமுகமானபோது, அது காந்த நாடாவில் காப்புப் பிரதி எடுப்பதற்கான கருவியாக இருந்தது. அதன் பெயரில் உள்ள முதல் எழுத்தே நாடாவைக் குறிப்பதுதான். எஃப் கொடுக்காவிட்டால் அன்றைய டார் நாடா இயந்திரத்தைத் தேடிப் போகும். நாடா போய்விட்டது, பழக்கம் மட்டும் நிலைத்துவிட்டது.

வால்கள் ஏன் மாறுகின்றன என்பதைப் புரிந்துகொண்டால் குழப்பம் தீரும். டார் எதையும் சுருக்குவதில்லை. மூட்டை மட்டும் கட்டுகிறது. இதை உங்கள் கணினியிலேயே பார்க்கலாம். மூன்றே எழுத்துகள் கொண்ட ஓர் உரைக் கோப்பை உருவாக்கி, டார் சிஎஃப் என்று கொடுத்து அதை மூட்டையாகக் கட்டி, மூட்டையின் அளவைப் பாருங்கள்: சரியாக 10,240 பைட்டுகள் இருக்கும். கோப்பின் பெயர், உரிமையாளர், தேதி ஆகியவற்றுக்கு 512 பைட்டு. உங்கள் மூன்று எழுத்துகளுக்கு இன்னொரு 512. மூட்டை முடிந்தது என்பதற்கு அடையாளமாக வெறும் சுழியங்களால் ஆன 1,024. மீதி 8,192 பைட்டுகளும் நாடாவில் ஒரே வீச்சில் எழுதும் அளவை எட்டுவதற்காக நிரப்பப்பட்ட சுழியங்கள். இந்த மூட்டையை ஜிஜிப் கொண்டு அமுக்கினால் அது இருநூறு பைட்டுக்கும் கீழே இறங்கிவிடும்.

கட்டுவது ஒரு நிரல், அமுக்குவது வேறொரு நிரல் என்ற இந்தப் பிரிவினையால்தான், டாரைத் தொடாமல் அமுக்கும் நிரலை மட்டும் காலத்துக்குக் காலம் மாற்ற முடிந்தது. பழைய கம்ப்ரெஸ் நிரலின் முறைமீது காப்புரிமைச் சிக்கல் இருந்ததால் ஜான்-லூப் காயியும் மார்க் ஆட்லரும் 1992-இல் ஜிஜிப்பைக் கொண்டுவந்தார்கள். 1996-இல் ஜூலியன் ஸீவர்டின் பிஜிப்2 வந்தது. 2009-இல் எக்ஸ்இசட்டும், 2016-இல் ஃபேஸ்புக்கில் பணியாற்றிய யான் கோலே உருவாக்கிய இசட்-ஸ்டாண்டர்டும் (நீங்கள் எழுதிய இசட்எஸ்டி) வந்தன. இவற்றில் எக்ஸ்இசட் நன்றாகச் சுருக்கும், ஆனால் நேரம் எடுக்கும். இசட்-ஸ்டாண்டர்ட் மின்னல் வேகத்தில் பிரியும். பிஜிப்2-ஐப் புதிதாக யாரும் தேர்ந்தெடுக்க இன்று காரணம் இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை.

முன்பு எந்த நிரலால் அமுக்கியது என்பதை ஓர் எழுத்தால் சொல்ல வேண்டியிருந்தது. ஜிஜிப்புக்கு இசட், பிஜிப்2-க்கு ஜே, எக்ஸ்இசட்டுக்குப் பெரிய ஜே. இணையத்தில் நீங்கள் பார்த்த எழுத்துக் கூட்டங்கள் அந்தக் காலத்தின் மிச்சம். இன்றைய டார், கோப்பின் முதல் சில பைட்டுகளைப் படித்துப் பார்த்துத் தானே தெரிந்துகொள்கிறது. வாலைத் தவறாக மாற்றி வைத்திருந்தாலும் அது ஏமாறுவதில்லை. நீங்களும் ஏமாறாமல் இருக்க ஃபைல் என்ற கட்டளைக்குக் கோப்பின் பெயரைக் கொடுத்துப் பாருங்கள். ஜிஜிப் என்று பெயரிட்டு வந்தது உண்மையில் ஒரு பிழைச்செய்தி வலைப்பக்கம்தான் என்பது பலமுறை அதில் தெரிந்துவிடும். அமுக்கும் நிரல் கணினியில் இல்லாவிட்டால் டார் அதை இயக்க முடியவில்லை என்று முறையிடும். அந்த நிரலை நிறுவினால் போதும்.

ஒன்றை மறந்துவிட வேண்டாம்: லினக்ஸின் டாருக்கு ஜிப் கோப்பு தெரியாது, அதற்கு அன்ஜிப் வேண்டும். வேடிக்கை என்னவென்றால், 2018 முதல் விண்டோஸ் 10-உடன் வரும் டார், ஃப்ரீபிஎஸ்டி என்னும் வேறோர் இயங்குதளத்தின் மரபைச் சேர்ந்தது. அது ஜிப்பையும் எக்ஸ்எஃப் என்ற அதே இரண்டு எழுத்துகளில் பிரித்துவிடும்.

கேள்வி: அவசரத்தில் ஒரு டார் கோப்பை என் ஹோம் கோப்புறையிலேயே பிரித்துவிட்டேன். அதற்குள் தனிக் கோப்புறை எதுவும் இல்லாததால் நானூறுக்கும் மேற்பட்ட கோப்புகள் என் சொந்தக் கோப்புகளோடு கலந்துவிட்டன. பொறுக்கி எடுக்க வழி உண்டா? — கணக்காளர் ஒருவர்

பதில்: உண்டு. மூட்டையை அழித்துவிடாமல் வைத்திருக்கிறீர்கள் என்றால் அதுவே உங்கள் பட்டியல். டார் டிஎஃப் (tf) என்று கொடுத்தால் எதையும் பிரிக்காமல் உள்ளே உள்ள பெயர்களை மட்டும் காட்டும். அந்தப் பட்டியலை ஓர் உரைக் கோப்பில் வாங்கிக்கொள்ளுங்கள். அவசரப்பட்டு அதை அப்படியே அழிக்கும் கட்டளைக்கு அனுப்பிவிடக் கூடாது. பட்டியலில் ‘டாக்’ என்று ஒரு கோப்புறை இருந்து, அதே பெயரில் உங்களுக்கும் ஏற்கெனவே ஒன்று இருந்தால், கோப்புறைகளையும் சேர்த்து அழிக்கும் ஆர் விருப்பம் (கட்டளையோடு சிறுகோடு போட்டுச் சேர்க்கும் எழுத்து) உங்களுடையதையும் சேர்த்து வாரிக்கொண்டு போய்விடும்.

எனவே இரண்டு நடையாகச் செய்யுங்கள். முதல் நடையில், எங்கே பிரித்தீர்களோ அதே கோப்புறையில் நின்று, பட்டியலை, பெயர்களை ஒரு கட்டளைக்கு எடுத்துக் கொடுக்கும் எக்ஸ்ஆர்க்ஸ் வழியாக, கோப்பை அழிக்கும் ஆர்எம் கட்டளைக்கு, ஆர் விருப்பம் இல்லாமல், கொடுங்கள். அது கோப்புகளை மட்டும் நீக்கி, கோப்புறைகளைத் தொட மறுக்கும். எக்ஸ்ஆர்க்ஸுக்கு டி (d) விருப்பத்தில் வரி முறிவைப் பிரிப்புக் குறியாகக் கொடுத்தால் இடைவெளியுள்ள பெயர்கள் துண்டாகாது. இரண்டாம் நடையில், சாய்கோட்டில் முடியும் பெயர்களை மட்டும் எடுத்து, டேக் (tac) என்ற கட்டளையால் பட்டியலைத் தலைகீழாக்கி ஆர்எம்டிர் கட்டளைக்குக் கொடுங்கள். அது காலியான கோப்புறையை மட்டுமே நீக்கும். உங்கள் கோப்பு ஒன்றே ஒன்று உள்ளே இருந்தாலும் விட்டுவிடும்.

ஆனால் உங்கள் கோப்பின் பெயரும் மூட்டையிலிருந்த கோப்பின் பெயரும் ஒன்றாக இருந்திருந்தால், பிரித்த நொடியிலேயே உங்களுடையது மேலெழுதப்பட்டுவிட்டது. அதைக் காப்புப் பிரதியிலிருந்துதான் மீட்க வேண்டும். பல ஆண்டுகளுக்கு முன் நானே இப்படி ஒரு குறிப்புக் கோப்பை இழந்தேன். அன்றிலிருந்து, யார் கட்டிய மூட்டையானாலும் முதலில் டிஎஃப், பிறகுதான் எக்ஸ்எஃப். புதுக் கோப்புறை ஒன்றைத் திறந்து, கட்டளையின் கடைசியில் பெரிய சி விருப்பத்துடன் அதன் பெயரைக் கொடுத்தால் எல்லாம் அதற்குள் போய் விழும். கே விருப்பம் கொடுத்தால் ஏற்கெனவே உள்ள கோப்பை மேலெழுதாது. இதையெல்லாம் நினைவில் வைக்க விரும்பாதவர்களுக்கு டிடிஆர்எக்ஸ் (dtrx), அன்ஆர் (unar) ஆகிய நிரல்கள் இருக்கின்றன. உள்ளே தலைக் கோப்புறை இல்லாவிட்டால் அவையே ஒன்றை உருவாக்கிக்கொள்ளும்.

கேள்வி: எங்கள் அச்சகத்துக்குக் கட்டுரைகள் ஜிப் கோப்பாக வருகின்றன. லினக்ஸில் பிரித்தால் சிலவற்றில் தமிழ்ப் பெயர்கள் கிரேக்க எழுத்தும் கொக்கிகளுமாக மாறிவிடுகின்றன. சிலவற்றில் வெறும் கேள்விக்குறிகள். சில கோப்புகள் பிரியவே மறுக்கின்றன. கோப்புக்குள் இருக்கும் தமிழ் நன்றாகத்தான் இருக்கிறது. என்ன கோளாறு? — அச்சக உரிமையாளர்

பதில்: மூன்றும் மூன்று கோளாறுகள்.

ஃபில் காட்ஸ் 1989-இல் ஜிப் வடிவத்தை வெளியிட்டபோது, பெயர்கள் ஐபிஎம் பிசியின் 437 என்ற எழுத்துப் பட்டியலில் இருக்கும் என்பது வழக்கம். பின்னாளில், பெயர் யுனிகோடின் யுடிஎஃப்-8 முறையில் இருக்கிறது என்று அறிவிக்க ஒரே ஒரு பிட் அடையாளம் ஒதுக்கப்பட்டது. பெயரை யுடிஎஃப்-8-இல் எழுதிவிட்டு அந்த அடையாளத்தை இட மறந்த நிரலில் கட்டிய ஜிப்பைப் பிரித்தால், தமிழ்ப் பைட்டுகளைப் பழைய பட்டியலின்படி படித்துவிடுகிறது. ‘த’ என்ற எழுத்து யுடிஎஃப்-8-இல் மூன்று பைட்டுகள். பழைய பட்டியலில் முதல் பைட்டு ஆல்ஃபா, இரண்டாவது இடப்பக்க இரட்டைக் கொக்கி, மூன்றாவது தலையில் அலைக்கோடு போட்ட ஸ்பானிய என். தமிழ் எழுத்துகள் எல்லாவற்றுக்கும் முதல் பைட்டு ஒன்றே. இரண்டாவது பைட்டு இரண்டில் ஒன்றாகத்தான் இருக்கும். அதனால்தான் உங்கள் திரையில் ஆல்ஃபாவும் கொக்கியும் அணிவகுத்து நிற்கின்றன. இந்த அணிவகுப்பைக் கண்டால் மகிழுங்கள், பெயர் பத்திரமாக இருக்கிறது. அன்ஆர் நிரலில் ஈ விருப்பத்துடன் யுடிஎஃப்-8 என்று கொடுத்துப் பிரித்தால் தமிழ் திரும்பிவிடும். உபுண்டுவில் உள்ள அன்ஜிப்பில் பெரிய ஓ விருப்பமும் இதே வேலையைச் செய்யும்.

கேள்விக்குறி மட்டும் நல்ல செய்தியன்று. ஜிப்பைக் கட்டும்போதே எழுத்துகளைத் தூக்கி எறிந்துவிட்டு அவற்றின் இடத்தில் கேள்விக்குறியை எழுதியிருந்தால், எந்த நிரலாலும் மீட்க இயலாது. அனுப்பியவரிடம் வேறு நிரலில் கட்டி அனுப்பச் சொல்லுங்கள்.

பிரிய மறுப்பவை பெரும்பாலும் பெயர் நீளமானவை. விண்டோஸில் ஒரு பெயருக்கு 255 குறியீடுகள் வரை இடம் உண்டு. லினக்ஸின் இஎக்ஸ்டி4 கோப்பமைப்பில் 255 பைட்டுகள்தான். ஆங்கிலம் எழுதுபவருக்கு இரண்டும் ஒன்று. தமிழில் ஒவ்வொரு குறியீடும் மூன்று பைட்டு என்பதால் நமக்கு 85-தான் கிடைக்கும். புள்ளியும் கொம்பும் காலும் தனித்தனிக் குறியீடுகள் என்பதால் ‘தமிழ்’ என்ற மூன்றெழுத்துச் சொல்லே 15 பைட்டுகளை எடுத்துக்கொள்கிறது. கட்டுரையின் தலைப்பு முழுவதையும் கோப்பின் பெயராக வைக்கும் எழுத்தாளரின் விண்டோஸ் கணினியில் அது கம்பீரமாக உட்கார்ந்திருக்கும். உங்களிடம் வந்ததும் ‘பெயர் மிக நீளம்’ என்ற பிழை வரும். அப்படிப்பட்ட ஒரு கோப்பை மட்டும் அன்ஜிப்பின் பி (p) விருப்பத்தால் நீங்கள் விரும்பும் குறும்பெயருக்குத் திருப்பிவிடலாம்.

இன்னொன்று, நீங்கள் கேட்காதது. அச்சகங்களுக்குப் பாமினி எழுத்துருவில் பெயரிட்ட பழைய கோப்புகளும் வரும். பாமினியில் ‘தமிழ்’ என்று தட்டினால் கணினிக்குத் தெரிவது ஜே, கே, பி (p), ஓ, அதன்பின் ஓர் அரைப்புள்ளி; ஏனெனில் அந்த எழுத்துருவில் மெய்யின் புள்ளி அரைப்புள்ளிச் சாவியில் உட்கார்ந்திருக்கிறது. டெர்மினலுக்கோ அரைப்புள்ளி என்றால் ‘கட்டளை இங்கே முடிந்தது, அடுத்ததைத் தொடங்கு’ என்று பொருள். அந்தப் பெயர்களை ஒற்றை மேற்கோளுக்குள் அடைக்காமல் தட்டினால், ஒவ்வொரு மெய்யெழுத்திலும் கட்டளை முறிந்து விழும்.

கேள்வி: ஆப்இமேஜ் என்ற வகையில் ஒரு வரைகலைச் செயலியைத் தரவிறக்கினேன். இரட்டைச் சொடுக்குச் செய்தால் எதுவும் நடப்பதில்லை. பிழைச்செய்தி கூட இல்லை. — ஓவிய ஆசிரியை ஒருவர்

பதில்: அம்மா, சொடுக்கும்போது மௌனமாக இருக்கும் செயலி டெர்மினலில் வாய் திறக்கும். கோப்பு இருக்கும் கோப்புறையில் டெர்மினலைத் திறந்து, ஒரு முற்றுப்புள்ளி, ஒரு சாய்கோடு, அதை ஒட்டிக் கோப்பின் பெயர் என்று தட்டி என்டர் கொடுங்கள். அடுத்து வரும் வரிதான் உங்கள் நோயின் பெயர்.

‘அனுமதி மறுக்கப்பட்டது’ என்று வந்தால், இணையத்திலிருந்து இறங்கும் கோப்புக்கு இயங்கும் உரிமை இயல்பாகத் தரப்படுவதில்லை என்பதே காரணம். சிஎச்மோட் என்று தட்டி, கூட்டல் குறி போட்டு, எக்ஸ் சேர்த்துக் கோப்பின் பெயரைக் கொடுங்கள். அதற்குப் பிறகும் மறுத்தால் கோப்பு பென்டிரைவில் இருக்கிறதா என்று பாருங்கள். ஃபேட் வகைப் பென்டிரைவில் அந்த உரிமையை எழுதி வைக்க இடமே இல்லை; ஹோம் கோப்புறைக்குப் படியெடுத்த பிறகு சிஎச்மோட் செய்யுங்கள்.

‘லிப்ஃபியூஸ்.எஸ்ஓ.2 கிடைக்கவில்லை’ என்று வந்தால், உங்களிடம் இருப்பது பெரும்பாலும் உபுண்டு 22.04 அல்லது அதற்குப் பிந்தைய பதிப்பு. ஆப்இமேஜ் என்பது ஒரே கோப்புக்குள் இரண்டு பொருள்: முன்னால் ஒரு சிறிய நிரல், அதன் முதுகில் ஸ்குவாஷ்எஃப்எஸ் என்னும் சுருக்கப்பட்ட கோப்பமைப்பு. முன்னால் உள்ள நிரல் முதுகில் உள்ளதைப் பிரிக்காமலேயே, ஒரு தற்காலிகக் கோப்புறையில் வட்டைப் போலப் பொருத்தி, அதற்குள் இருக்கும் செயலியை ஏவுகிறது. செயலியை மூடினால் பொருத்தியதும் மறைந்துவிடும். அப்படிப் பொருத்துவதற்கு ஃபியூஸ் நூலகத்தின் இரண்டாம் பதிப்பு வேண்டும், உபுண்டு 22.04 முதல் அது இயல்பாக வருவதில்லை. 22.04-இல் லிப்ஃபியூஸ்2 என்ற பொதியையும், 24.04-இல் லிப்ஃபியூஸ்2டி64 (libfuse2t64) என்ற பொதியையும் நிறுவுங்கள். பெயரில் ‘லிப்’ இல்லாத வெறும் ஃபியூஸ் பொதியை நிறுவிவிடாதீர்கள். அது மூன்றாம் பதிப்பை அகற்றி, அதை நம்பியிருக்கும் மேசைத்தளப் பகுதிகளையும் சேர்த்துக் கெடுத்துவிடக்கூடும். அண்மைக் காலத்தில் கட்டப்பட்ட பல ஆப்இமேஜ்கள் இந்த நூலகத்தை எதிர்பார்ப்பதே இல்லை என்பதால், செயலியின் புதிய பதிப்பு இருக்கிறதா என்றும் பாருங்கள்.

எதையும் நிறுவ உரிமையில்லாத பள்ளிக் கணினி என்றால், செயலியின் பெயருக்குப் பின் இரண்டு சிறுகோடுகளும் ஆப்இமேஜ்-எக்ஸ்ட்ராக்ட் என்ற சொல்லும் கொடுங்கள். ஸ்குவாஷ்எஃப்எஸ்-ரூட் என்ற கோப்புறையில் எல்லாம் பிரிந்து விழும். அதற்குள் ஆப்ரன் (AppRun; ஏ, ஆர் இரண்டும் பேரெழுத்து) என்ற கோப்பை ஏவினால் செயலி திறக்கும். ஆனால் இந்த விருப்பமும் அந்தக் கோப்பையே இயக்கித்தான் வேலை செய்கிறது; நம்பிக்கையில்லாத இடத்திலிருந்து வந்ததை ‘பார்க்கத்தானே’ என்று இப்படிப் பிரிக்க வேண்டாம்.

மூன்றாவதாக ‘சாண்ட்பாக்ஸ்’ (செயலியை ஒரு வேலிக்குள் அடைத்து இயக்கும் ஏற்பாடு) என்ற சொல் பிழையில் வந்தால், அது உபுண்டு 24.04 கொண்டுவந்த பாதுகாப்புக் கட்டுப்பாட்டின் விளைவாக இருக்கலாம். சாண்ட்பாக்ஸையே அணைத்துவிடச் சொல்லும் யோசனை இணையமெங்கும் கிடக்கிறது. வலைப்பக்கங்களைத் திறக்கும் செயலிக்கு நான் அதைச் செய்ய மாட்டேன். அதே செயலி ஃபிளாட்பேக் என்னும் இன்னொரு பொதி வகையில் கிடைக்கிறதா என்று பார்ப்பேன்.

கேள்வி: ஃபிளாட்பேக்கில் நிறுவிய ஜிம்ப்பை டெர்மினலில் ஜிம்ப் என்று அழைத்தால் ‘அப்படியொரு கட்டளை இல்லை’ என்கிறது. — வடிவமைப்பாளர்

பதில்: அதற்கு அங்கே முழுப்பெயர் உண்டு. ஃபிளாட்பேக் லிஸ்ட் என்று கொடுத்தால் ஓஆர்ஜி.ஜிம்ப்.ஜிம்ப் என்று காட்டும். கடைசி ஜிம்ப் பேரெழுத்தில். ஃபிளாட்பேக் ரன் என்று தட்டி அந்தப் பெயரைச் சேர்த்தால் திறக்கும். ஸ்நாப் பொதிகளுக்கு இந்தத் தொல்லை பொதுவாக இல்லை; பெயரைச் சொன்னாலே வரும்.

கேள்வி: அலுவலகக் கணினியில் நிர்வாகி கடவுச்சொல் எனக்குக் கிடையாது. லோஹித் தமிழ் எழுத்துரு டெபியன் பொதியாக மட்டுமே கையில் இருக்கிறது. நிறுவாமல் எழுத்துருவை மட்டும் எடுக்க முடியுமா? — மொழிபெயர்ப்பாளர்

பதில்: முடியும். டெப் கோப்பு என்பது ஏஆர் என்னும் மிகப் பழைய கட்டும் முறையில் கட்டிய மூட்டை. உள்ளே மூன்று உருப்படிகள்: ‘2.0’ என்ற ஒரே வரி கொண்ட ஒரு சிறு கோப்பு, நிறுவும் விவரங்கள் அடங்கிய கன்ட்ரோல் டார், உண்மையான சரக்கு அடங்கிய டேட்டா டார். டிபிகேஜி-டெப் என்று தட்டி, சிறுகோட்டுடன் எக்ஸ், பிறகு பொதியின் பெயர், பிறகு ஒரு புதுக் கோப்புறையின் பெயர் கொடுங்கள். கடவுச்சொல் கேட்காது, பொதியில் உள்ள நிறுவும் கட்டளைகளும் இயங்காது. அந்தக் கோப்புறைக்குள் யுஎஸ்ஆர், ஷேர், ஃபான்ட்ஸ் என்று இறங்கிப் போனால் டிடிஎஃப் கோப்பு கிடைக்கும். அதை உங்கள் ஹோமில் புள்ளியுடன் தொடங்கும் லோக்கல் கோப்புறைக்குள், ஷேர், ஃபான்ட்ஸ் என்ற இடத்தில் வைத்து, எஃப்சி-கேச் என்று ஒருமுறை கொடுங்கள். இந்தத் தந்திரம் எழுத்துரு, படம், அகராதி போன்றவற்றுக்குச் சரி. செயலிகளுக்குச் சரிவராது, அவை தேடும் நூலகங்கள் கூடவே வருவதில்லை.

கேள்வி: எக்ஸ்இசட் நிரலில் உளவு நிரலைப் புகுத்திவிட்டார்கள் என்று படித்தேன். அப்படியானால் எக்ஸ்இசட் பொதிகளைப் பிரிப்பதே ஆபத்தா? — ஓய்வுபெற்ற ஆசிரியர்

பதில்: இல்லை. அந்தச் சதியின் இலக்கு நீங்கள் பிரிக்கும் பொதிகள் அல்ல. எக்ஸ்இசட்டின் 5.6.0, 5.6.1 ஆகிய இரண்டு பதிப்புகளில், தொலைவிலிருந்து சர்வருக்குள் நுழைய உதவும் எஸ்எஸ்எச் சேவையில் திருட்டுக் கதவு திறக்கும் நிரல்துண்டு ஒளிக்கப்பட்டிருந்தது. எஸ்எஸ்எச் நுழைவு அரை நொடி தாமதமாவதைக் கவனித்து, ஏன் என்று விடாமல் தேடிய ஆன்ட்ரெஸ் ஃப்ராயிண்ட் என்ற மென்பொருளாளர் 2024 மார்ச் 29 அன்று அதை வெளிப்படுத்தினார்.

நம் பேச்சுக்குப் பொருத்தமான பகுதி அது ஒளிந்திருந்த விதம்தான். சோதனைக்கான பொதிக் கோப்புகள் என்ற பெயரில் தீய நிரல் சேர்க்கப்பட்டிருந்தது. அதை வெளியே எடுத்து உயிர் கொடுக்கும் வரிகளோ எல்லோரும் பார்க்கும் மூல நிரல் களஞ்சியத்தில் இல்லை, வெளியீட்டுக்காகக் கட்டிய டார் மூட்டையில் மட்டும் இருந்தன. களஞ்சியத்தைப் படித்தவர் கண்ணில் படாமல் மூட்டைக்குள் மட்டும் சரக்கு மாறியிருந்தது. எக்ஸ்இசட் என்று தட்டி, இரண்டு சிறுகோடுகளுடன் வெர்ஷன் என்று கொடுத்து உங்கள் பதிப்பைப் பாருங்கள். அந்த இரண்டு எண்களும் இல்லையென்றால் கவலை வேண்டாம்.

கேள்வி: முழு முகவரி கொடுத்து டாரில் காப்புப் பிரதி எடுக்கும்போதெல்லாம் ‘பெயர்களின் தொடக்கத்திலுள்ள சாய்கோட்டை நீக்குகிறேன்’ என்று ஒரு வரி வருகிறது. ஏதேனும் கெட்டுப்போகிறதா? — சிறு கடை நடத்துபவர்

பதில்: கெடவில்லை. சாய்கோட்டில் தொடங்கும் பெயர், வட்டின் உச்சியிலிருந்து எழுதிய முழு முகவரி. அதை அப்படியே மூட்டையில் வைத்தால், நாளை எங்கே நின்று பிரித்தாலும் அது அதே பழைய இடத்துக்குப் போய், அங்கே அன்று இருக்கும் புதிய கோப்பின்மேல் உட்கார்ந்துவிடும். சாய்கோட்டை எடுத்துவிட்டால் நீங்கள் நிற்கும் கோப்புறைக்குள்ளேயே விழும். இந்தப் பாதுகாப்பை நிறுத்தப் பெரிய பி (P) விருப்பம் இருக்கிறது. கடைக் கணக்குகளின் காப்புப் பிரதிக்கு அது வேண்டியதில்லை.